ஈயத்துக்கு அடியில்

ஷாநவாஸ் வந்து சொன்னபோது ராசம்மாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

அவள் கணவர் வெங்கடபதியின் முகத்தைச் செம்புத் தகட்டில் செதுக்கியவர் ஷாநவாஸ். கோட்டைமேட்டில் பட்டறை. முன்னூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு மந்திரிகளின் படங்களை, இப்படித் தகட்டில் செதுக்கி மை பூசிக் காகிதத்தில் அச்சடித்தவற்றை, வெங்கடபதி சேர்த்து வைத்திருந்தார். நீள்வட்டச் சட்டம், சுருள்முடி, தடித்து மெலியும் கோடுகளாலேயே ஆன கன்னம். அதே மாதிரி தன்னையும் செதுக்கச் சொன்னார். சுருள்முடிக்குப் பதில் தலைப்பாகை.

பிறகு தம்பி கோவிந்தராஜுலு, அண்ணனுக்குப் பைத்தியம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி அவருடைய நூல் ஆலையைப் பிடுங்கிக்கொண்டான். அடைத்துவைத்த ஆஸ்பத்திரியிலேயே வெங்கடபதி செத்தார்.

இப்போது அந்தத் தகட்டில் அவன் முகம் வேண்டுமாம். ஆயுதபூஜைக்கு ஆலையில் எல்லாருக்கும் பொரியோடு படமும் தரப்போகிறான். அந்தக் காலத்தில் ராஜா மாறினால் தகட்டில் தலையை மட்டும் மாற்றுவார்கள், அண்ணனே சொல்லியிருக்கிறார் என்று சிரித்தானாம்.

"அய்யா மொகத்தச் சொரண்ட எனக்குக் கை வரலீங்கம்மா."

"சொரண்டாம மாத்த முடியாதுங்களா?"

ஷாநவாஸ் யோசித்தார். பழைய கோடுகளில் ஈயத்தை நிரப்பி மெழுகலாம், மேலே புது முகத்தை லேசாகக் கீறலாம். முதல் படங்கள் நன்றாகவே விழும். ஆனால் அச்சில் அழுத்த அழுத்த, மை துடைக்கத் துடைக்க ஈயம் பெயர்ந்துவிடும். கீறலும் தேயும். அடியில் இருப்பது மேலே வரும்.

"அப்படியே செஞ்சுபோடுங்க," என்றாள்.

முதல் படத்தைப் பார்த்துக் கோவிந்தராஜுலு மீசையைத் தடவிக்கொண்டான். ஈயம் பெயரும்வரை விழுந்த படங்களை ஷாநவாஸ் பட்டறையிலேயே ஒதுக்கிவிட்டார். மற்றவை அச்சாகி, உறையில் இட்டு ஒட்டப்பட்டு, பூஜையன்றுதான் ஆலைக்கு வந்தன. அவனே தன் கையால் கொடுத்தான்.

முதலில் உறையைப் பிரித்தவள் நூல் சுற்றும் பாவாத்தாள். படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பெரிய மொதலாளிங்க."

வரிசை முழுக்க உறைகள் பிரிந்தன. ஒவ்வோர் இயந்திரத்தின் மேலும் வெங்கடபதி ஏறினார். சந்தனம் வைத்தார்கள், சூடம் காட்டினார்கள். பொட்டு வைத்த படத்தைப் பிடுங்கக் கோவிந்தராஜுலுவுக்குக் கை நீளவில்லை.

சாயங்காலம் ராசம்மாளின் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, இது உங்க வேலைதானுங்களா?"

"தலைய மட்டும் மாத்தச் சொன்னது நீங்கதானுங்களே, தம்பி. மாறிப்போச்சுங்க."

ஒரு கிண்ணத்தில் பொரி கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்குகிறவரை கையை மடக்கவில்லை.