சிவப்பு டிராக்டரில் பச்சைத் தொப்பி

வடக்கு டகோட்டாவில் ஒருவன் மதம் மாறினால் ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிடும். டிராக்டரின் நிறத்தை, அதாவது கம்பெனியை, மாற்றினால் பேரப்பிள்ளை காலம் வரை பேசும். அர்விட் ஹாக்கன்சன் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிவப்பு. சாலைக்கு எதிர்ப்புறம் டெல்மர் ஷ்லெக்ட் வீட்டில் பச்சை. இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர்கள்தான். நிறம் என்று வந்துவிட்டால் மட்டும் ஒருவரை ஒருவர் மனிதராகவே மதித்ததில்லை.

அப்படிப்பட்ட சிவப்பு டிராக்டர், நல்ல ஜூலை மாதத்தில், போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படும்படி சாலையோரமாக, பின்னால் புல்லை உருளையாகச் சுருட்டிக் கட்டுகிற பேலரை மாட்டிக்கொண்டு, கிளம்பமாட்டேன் என்று நின்றது.

அறுத்துப்போட்ட குதிரைமசால் புல் வயல் முழுக்க வரிசை வரிசையாகக் கிடந்தது. கையில் எடுத்து முறுக்கினால் முறிகிற பதம். மேற்கே மேகம் கறுத்துத் திரண்டுகொண்டிருந்தது. மழைக்கு முன் கட்டிவிட்டால் பனிக்காலம் முழுக்க மாடுகளுக்குத் தீனி. நனைந்தால் பூஞ்சை பிடித்த குப்பை. தீனி இல்லையென்றால் மாடுகளை விற்க வேண்டும். மாடுகள் போய்விட்டால் அவருக்கு அங்கே என்ன வேலை? "எல்லாத்தையும் வித்துட்டு இங்க வந்துடுங்கப்பா, அடுக்குமாடியில லிஃப்ட்கூட இருக்கு" என்று மினியாப்பொலிஸிலிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். லிஃப்ட் என்றதுமே அர்விட் ஃபோனை வைத்துவிடுவார்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றியது. பேட்டரியில் குறையில்லை. ஆனால் குழாயில் பொட்டுப் புகை வரவில்லை. புகை இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். டேங்க் நிறைய டீசல் இருந்தது. ஃபில்டரின் அடியைத் திறந்து பார்த்தார், தண்ணீர் இல்லை. கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்தார், குமிழ் இல்லாமல் டீசல் வந்தது. ஆக ஃபில்டர் வரைக்கும் ஒழுங்கு. அதற்கப்புறம்தான் கோளாறு. நாலு நாளைக்கு முன் புல் அறுக்கும்போதே மேடு பள்ளத்தில் இரண்டு தடவை திக்கிச் செத்தது. டீசலில் தூசி என்று நினைத்து விட்டுவிட்டார்.

இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலுக்குப் போகிற குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, ஒருவர் அங்கே டீசல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது இரண்டு ஆள் வேலை. மனைவி லவோன் இருந்தவரை அவள்தான் மேலே உட்கார்ந்து திருப்புவாள். அவளும் அவரைப் போலவே வாட்டசாட்டம். அவர் கீழேயிருந்து கத்துவார், அவள் மேலேயிருந்து பதிலுக்குக் கத்துவாள், எப்படியோ டிராக்டர் கிளம்பிவிடும். பிப்ரவரியில் அவள் போய்ச் சேர்ந்தபிறகு கத்துவதற்குக்கூட ஆள் இல்லை. அந்த நட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் அவருக்கு அவள்மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

அப்போதுதான் டெல்மரின் பிக்கப் வண்டி வந்து நின்றது. பச்சைத் தொப்பியும், பெரிய தொந்தியும், அதைவிடப் பெரிய சிரிப்புமாக டெல்மர் இறங்கினார்.

"என்ன அர்விட், கண்காட்சி வச்சிருக்கியா? டிக்கெட் எங்க வாங்கணும்?"

"ஆயில் பாக்குறேன்."

"காலைலேருந்தா? ஜன்னல் வழியா பாத்துப் பாத்து என் பொண்டாட்டி ஆர்டிஸுக்கே கண்ணு பூத்துப்போச்சு."

"ஒண்ணுமில்லப்பா. நீ உன் வேலையப் பாரு."

"பாக்கத்தான் போறேன். என் வயல்ல கட்டி முடிச்சாச்சு. பச்சையில்ல? சாவிய காட்டினாலே கிளம்பிடும்."

மேற்கே இடி உருண்டது. அர்விட் மேகத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், பற்களைக் கடித்துக்கொண்டார்.

"மேல ஏறி சாவிய மட்டும் திருப்பு. வேற எதையும் தொடாத."

"நானா? சிவப்புலயா?" டெல்மர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எங்கப்பா இருந்திருந்தா என்னை வீட்டுக்குள்ள சேத்திருக்கமாட்டாருய்யா."

ஆனாலும் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறினார். இருக்கை முனகியது. அர்விட் இன்ஜின் பக்கம் குனிந்து, "ம், திருப்பு" என்றார்.

தளர்த்திய நட்டிலிருந்து டீசல் அவர் முகத்தில் பீய்ச்சி அடித்தது. இன்ஜின் இருமி, தடதடத்து, ஓட ஆரம்பித்தது.

"கிளம்பிடுச்சுடா!" டெல்மர் மேலிருந்து கூவினார். "தொட்டேன், கிளம்பிடுச்சு!"

முகத்தைத் துடைத்துக்கொண்டு அர்விட் நட்டை இறுக்கினார். டெல்மர் ஒய்யாரமாக எழுந்தார். எழுந்ததும் இன்ஜின் நின்றது. அர்விட் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, புகை இல்லை. மறுபடி திருப்பினார், இல்லை. இறங்கினார். டெல்மர் ஏறித் திருப்பினார். தடதடவென்று ஓடியது.

டெல்மர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மூணு தலைமுறையா சோறு போட்டது நீ. மனசு பூரா என்மேலதான் வச்சிருக்கு பாரு!" தொப்பியை எடுத்துப் பழையபடி தலையில் மாட்டிக்கொண்டார். சாலையில் போன பால் லாரி டிரைவருக்குக் கையைக்கூட ஆட்டினார். சிவப்பு டிராக்டர்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. "ஐயய்யோ, இன்னிக்கு சாயங்காலம் காபிக்கடையில நான் செத்தேன்!"

அர்விட் சிரிக்கவில்லை. எழுந்தால் நிற்கிறது, உட்கார்ந்தால் ஓடுகிறது. மெல்லக் கையை நீட்டி இருக்கையைத் தட்டினார். ஆளின் எடை அழுத்தாவிட்டால் டீசலை நிறுத்திவிடுகிற சுவிட்ச் ஒன்று அதற்கடியில் உண்டு. அது அவருக்குத் தெரியாததல்ல. அந்த டிராக்டரில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். தன்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

டெல்மருக்கும் அதே நேரம் புரிந்துவிட்டது. இறங்கி வந்து, அர்விட்டின் தோளில் வார் வைத்த கால்சட்டையை இடுப்புப் பக்கம் பிடித்து இழுத்தார். உள்ளே இன்னொரு ஆள் நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது.

"ராத்திரிக்கு என்ன சாப்பிடுற?"

"சாப்பிடுறேன்."

"என்னன்னு கேட்டேன்."

"கார்ன்ஃப்ளேக்ஸ்."

"காலைல?"

அர்விட் மேகத்தைப் பார்த்தார். "அதேதான். பாத்திரம் கழுவுறது மிச்சம்ல." பிறகு அவசரமாக, "சுவிட்சுக்கு ரெண்டு வயர்தான். முறுக்கி விட்டுட்டா முடிஞ்சுது. நான் பாட்டுக்குக் கட்டிடுவேன்" என்றார்.

"தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்." டெல்மரின் குரலில் இப்போது கேலி இல்லை. "பேலர்ல கை மாட்டினா வந்து நிறுத்துறதுக்கு வீட்டுல யாரு இருக்கா உனக்கு?"

டெல்மர் பிக்கப்பின் பின்புறத்திலிருந்து மாடு நக்குகிற உப்புக்கட்டி ஒன்றை, ஐம்பது பவுண்டு இருக்கும், முக்கி முனகித் தூக்கி வந்தார். "ஏறி உக்காரு" என்றார். உட்கார்ந்ததும் மடியில் வைத்தார்.

அர்விட் சாவியைத் திருப்பினார். புகை வந்தது. தடதடவென்று ஓடியது.

"கணக்கு சரியாப்போச்சு. சரியா ஒரு உப்புக்கட்டி காணாம போயிருக்க" என்றார் டெல்மர். "நாங்களும் கண்ணிருந்தும் பாக்கல. சர்ச்சுல கேட்டா நல்லாருக்கேன்ற. நாங்களும் நல்லாருக்கன்னு நம்பிட்டோம். அறிவு இருக்கா எங்களுக்கு?"

"போடா, மழை வருது."

மடியில் உப்புக்கட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அர்விட் வயலை வளைத்து வளைத்து வந்தார். தொடை மரத்துப்போனது. வியர்வையில் உப்பு கரைந்து சட்டை பிசுபிசுத்தது. பேலர் ஒவ்வொரு உருளையாகக் கக்கியது. டெல்மர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பச்சை டிராக்டரை எடுத்துவந்து, பின்னாலேயே ஒவ்வொன்றாகக் குத்தித் தூக்கிக் கொட்டகைக்குள் அடுக்கினார். ஹாக்கன்சன் நிலத்தில் பச்சைச் சக்கரம் படுவது அதுவே முதல் தடவை. கடைசி உருளை கூரைக்கடியில் போனபோது பெரிய பெரிய துளியாக மழை விழுந்தது.

"மாடு பொழச்சுது" என்றார் அர்விட்.

"ஆர்டிஸ் அடுப்புல உருளைக்கிழங்கும் கறியும் வச்சிருக்கா. ஆறு மணிக்கு சாப்பாடு" என்றார் டெல்மர், பதிலை எதிர்பார்த்துத் தயாராக நின்றுகொண்டு. அந்தப் பக்கத்தில் கூப்பிட்டதும் வருகிறேன் என்று சொல்வது மரியாதையில்லை. குறைந்தது மூன்று தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பிப்ரவரியிலிருந்து எல்லோரும் ஒரு தடவை கூப்பிட்டார்கள், இவர் ஒரு தடவை வேண்டாம் என்றார், அதோடு சரி.

"எனக்கு வேண்டாம்" என்றார் அர்விட்.

"சரி, ரெண்டாவதையும் சொல்லு."

"ஆர்டிஸுக்கு எதுக்கு சிரமம்?"

"மூணாவது?"

அர்விட் சாலைக்கு எதிர்ப்புறம் டெல்மர் வீட்டைப் பார்த்தார். மழை தொப்பியின் விளிம்பிலிருந்து சொட்டியது.

"கறி நிறைய இருக்குமா?" என்று கேட்டார்.