வெள்ளையாய் விழுந்த நீர்

அருவியைக் காண வந்தோர் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று தம் முகத்தையே கைபேசியில் படமெடுத்துக்கொள்ளும் காலம் இது. நீர்முன் நின்றும் நீரைப் பாராத இம்மக்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று முணுமுணுத்தபடியே பிச்சைமுத்து பாறையேறினார். லாடபுரத்தை அடுத்த பச்சைமலைச் சரிவில், ஐப்பசிக் காலையின் இளவெயில் ஈரப்பாறைகளில் வழுக்கி மின்ன, ஆண்டெல்லாம் காய்ந்து கிடந்த மயிலூற்று அருவி, அடைமழையுண்டு விழித்து, உலர்த்தப் போட்ட வேட்டியென வெள்ளையாய் விழுந்துகொண்டிருந்தது. கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் பருத்திக்காடுகளும் சோளக்கொல்லைகளும், அம்மழையை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீண்டும் வாய்பிளந்து கிடந்தன.

சென்ற ஆண்டு இதே திங்களில், ரெட்டிபாளையத்து வீட்டில் நோயுற்றுக் கிடந்த அவர் மனைவி கலியம்மாளுக்கு, மகள் வளர்மதி இவ்வருவியைக் கைபேசியில் காட்டினாள். கணவரோடு சுண்ணாம்புக்கல் சுமந்தே மூத்து, கல் வெட்டிய பள்ளங்களில் தேங்கும் நீரையன்றி வேறு நீர் காணாத அவள், ஒருமுறை அதன்கீழ்த் தலை நனைக்க வேண்டும் என்று கேட்டாள். பிச்சைமுத்து நம்பவில்லை. மழைநீர் என்றால் மண்ணைக் கரைத்துச் செம்பழுப்பாய் ஓடும் என்பதொன்றே அவர் கண்டறிந்தது.

"நம்ம பக்கத்துத் தண்ணி எங்கடி வெள்ளையா ஓடுது? இது குத்தாலம். எவனோ பேரை மாத்திப் போட்டு ஊரை ஏய்க்கிறான்" என்று கைபேசியைத் தள்ளிவிட்டார். கேட்ட கலியம்மாள் மறுமுறை கேட்கவில்லை. கார்த்திகை பிறக்குமுன், எண்ணெய் வற்றிய விளக்குப்போல் ஓசையின்றி அடங்கிப்போனாள்.

அவளது முதலாண்டுப் படையல் நெருங்கியிருந்தது. இறந்தவர் விரும்பியதைப் படைப்பது வழக்கமாதலால், வளர்மதி செம்பு நிறைய அருவிநீர் முகந்து நின்றாள். அவள் குரலில் சினமில்லை. அதுவே கிழவரை உறுத்தியது.

"பாருங்கப்பா. வெள்ளையாத்தானே வுழுவுது? அன்னைக்குக் காட்டுனதும் இதாம்ப்பா."

அவர் நெடுநேரம் அண்ணாந்து நோக்கினார். பின் குனிந்து இரு கைகளையும் குவித்து ஏந்தினார். உள்ளங்கையில் நின்ற நீருக்கு நிறமேயில்லை. கல் சுமந்து காய்த்த வரிகளே அதனடியில் தெளிந்து தெரிந்தன.

"எங்கடி வெள்ளை? நெறமே இல்லாமல்ல கெடக்கு. நீ காட்டுனது வேற."

இந்நீர் உண்மையென்றால், கலியம்மாளின் நனையாத தலையும் உண்மையாகிவிடுமே!

"படைக்கணும்னா படைச்சுக்க. அவகிட்ட இதான் அதுன்னு மட்டும் சொல்லிடாத" என்றவர், செம்பைத் தாமே வாங்கி, துளியும் சிந்தாதபடி அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வெள்ளையாய் விழுந்துகொண்டேயிருந்த அருவிக்கு அவரும் முதுகைக் காட்டி, நம்பாமலே சரிவிறங்கிப் போனார்.