நீட்டி மடக்கும் குழு

மனித மூளையை முதுமையிடமிருந்து மீட்கும் மாபெரும் போர் சென்ற பிப்ரவரியில் எங்கள் பர்னி நகரத்தில் தொடங்கியது. போர்க்களம், பந்து உருட்டும் கிளப்பின் பின்கூடம். வீரர்கள் நாற்பது பேர். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக வந்தவர்கள்.

டாக்டர் பிரிஜெட் திரையில் படம் போட்டு விளக்கினார். வயதான உடம்பில் அழற்சி தணல்போல அணையாமல் கிடக்கிறதாம். அது மூளையையும் எட்டிவிடுகிறதாம். வேகமாக நடந்தால் தணிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ரத்தம் எடுத்தார்கள். பிறகு கணினி சீட்டுக் குலுக்கியது. எனக்கு நடைக் குழு. கிளாரிக்கு, நாற்காலியில் உட்கார்ந்து கைகாலை நீட்டி மடக்கும் குழு.

கிளாரி அந்தக் காலத்தில் மரம்வெட்டும் போட்டிகளில் பெரிய ஆள். வல்லவன் தாமதமாகத்தான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் போட்டி வழக்கம். மற்றவர்கள் வெட்ட ஆரம்பித்த பிறகும் அவன் கோடரியோடு சிலைபோல நிற்பான்.

"முப்பது விநாடி நின்னு வெட்டினவன்டா நான். என்னைப் போய் நாற்காலில உக்கார வெச்சுட்டா அந்தப் பொண்ணு."

"சீட்டு அப்படி விழுந்துச்சு. அவ என்ன பண்ணுவா?"

கார் நிறுத்துமிடத்தில் அவன் குரல் இறங்கியது. "மெர்வ், தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணுல நான் ஜெயிச்சப்ப என் ஈனிட் வேலி மேல ஏறி நின்னு கத்தினாளே, என்ன நிறக் கவுன்டா அது? மூணு வாரமா யோசிக்கிறேன். முகம் வருது, கவுன் வரல. அவ போய் நாலு வருஷம்தான் ஆகுது. இப்படியே ஒவ்வொண்ணா போயிட்டா?"

"மஞ்சள்," என்றேன். எனக்கு நன்றாகவே நினைவிருந்தது: ஈரமரத் தூளின் வாசம், காற்றில் படபடத்த மஞ்சள்.

அவன் தலையாட்டினான், ஆனால் ஒப்பவில்லை. "நானாத் தேடி எடுக்கணும்டா. திருட்டுத்தனமாவாவது நடக்கப் போறேன்."

"நடக்கிறதுதான் நடக்கிற, இதையும் கட்டிக்கிட்டுப் போ." நடைக் குழுவுக்குக் கட்டிவிட்டிருந்த, அடி எண்ணும் கைப்பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

ஆறு மாதம் அவன் கடலோரப் பாதையில் நடந்தான். அவன் திரும்பி வரும்வரை நான் பேக்கரியில் இறைச்சி பஃப்ஸ் தின்றுகொண்டு காத்திருந்தேன்.

ஆகஸ்டில் நிறைவு விழா. "மெர்வ், ஒரு நாளைக்குப் பதினோராயிரம் அடி! ஆனா உங்களுக்கு அழற்சி ஏன் துளியும் குறையலைன்னுதான் புரியல. கிளாரிக்குப் பாருங்க, சும்மா நீட்டி மடக்கினதுக்கே எவ்வளவு இறங்கியிருக்கு!" என்று டாக்டர் வியந்தார். இதை ஆராய்ந்தே தீர வேண்டும் என்று எழுதி மூன்று முறை அடிக்கோடிட்டார். அதிகம் நடந்தவன் என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லோரையும்விட கிளாரிதான் பலமாகக் கைதட்டினான்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தான். கண் ஈரமாக இருந்தது.

"பச்சைடா. போன செவ்வாக்கிழமை, மேட்டுல ஏறும்போது அப்படியே வந்துச்சு. பச்சை. காலர்ல வெள்ளைக் கரை. மஞ்சள் போட்டிருந்தது அவ பக்கத்துல நின்ன பொண்ணு."

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

கிளாரி என்னை உற்றுப் பார்த்தான். பிறகு என் சான்றிதழை வாங்கிச் சுருட்டித் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

"காலையில ஆறு மணிக்கு வரேன். ஷூ போட்டு நில்லு."

அந்தப் பெண் பெரில் என்று பிறகு அவன்தான் சொன்னான். அந்த எழுபத்தொன்றாம் ஆண்டு நவம்பரில் அவளைத்தான் நான் திருமணம் செய்துகொண்டேன்.