சில்வர் பூசின ஹெட்

தையல் ஃபேக்டரியில் இருந்த முந்நூறு மெஷின்களுக்கும் வைத்தியம் பார்ப்பவள் அவள்தான். நூல் அறுந்துகொண்டே இருந்தாலும், மோட்டார் முனகினாலும் "ஊசியக்காவைக் கூப்பிடு" என்றுதான் குரல் எழும். வாயும் ஊசிதான் என்பதால் அந்தப் பெயர் அவளிடம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

ஃபேக்டரிக்குப் பின்னால், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய டீசல் பிக்கப் ஆறு வருஷமாகக் கிடந்தது. இன்ஜின் சூடேறி நின்றுபோன வண்டி. அதை இரும்புக் கடைக்குத் தள்ளப்போகிறார்கள் என்று தெரிந்ததும், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிவிட்டாள். பின்பக்கத்தில் ஒரு வேலை மேசையைப் பொருத்தி, வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் பழுதுபார்க்க வேண்டும், யாரிடமும் லீவு கேட்டு நிற்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

வண்டி வேறொரு லாரியின் முதுகில் ஏறி வீட்டுக்கு வந்து இறங்கியபோது அவள் கணவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். டவுன் பஸ் ஓட்டுகிறவன். சக்கரத்துக்கு நடுவே குனிந்து பார்த்துவிட்டு, "உள்ள பெருச்சாளி குடும்பம் நடத்துது" என்றான். அன்றிலிருந்து வண்டிக்குப் பெருச்சாளி என்றே பெயர்.

"கொஞ்சம் உதவி பண்ணுவீங்களா?"

"பஸ் நின்னா டிப்போவுக்குப் போன் பண்ணுவேன். எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் வேலை அவ்வளவுதான்."

ஆனாலும் அவள் கேட்டபோதெல்லாம் டார்ச் பிடித்தான். பதினாலு மாசம், லீவு நாள் தவறாமல் வேலை நடந்தது. துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தாள். முன் சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டாள். அதே கம்பெனியின் பிந்தைய மாடலிலிருந்து பவர் ஸ்டீயரிங் எடுத்துப் பொருத்தினாள். வயர் எல்லாம் புதிதாக இழுத்தாள். சீட் உறை அவளே தைத்தது. சாப்பாட்டு மேசையில் பாதியை கியர்பாக்ஸ் பிடித்துக்கொண்டதால் புருஷனும் பெண்டாட்டியும் மீதிப் பாதியில் முழங்கை இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

வீட்டில் செய்ய முடியாத வேலை ஒன்றே ஒன்றுதான். சிலிண்டர் ஹெட். இன்ஜினுக்கு மேல் மூடிபோல உட்காரும் அந்தக் கனத்த வார்ப்பு, பழைய சூட்டில் லேசாக வளைந்திருந்தது. விரிசல் எதுவும் இல்லை. அடிப்பக்கத்தை மெஷினில் சீவிச் சமமாக்கி, வால்வு உட்காரும் இடங்களைக் கடைந்து கொடுத்தால் போதும். அதற்கு இன்ஜின் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

ஹெட்டை இரண்டு நாள் டீசலில் ஊற வைத்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அதன் பக்கவாட்டில் புடைத்திருந்த எழுத்துகள்மேல் டிசைன் வெட்டும் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். மாடல் நம்பரும், அதற்குக் கீழே அந்த ஹெட்டை வார்த்த தேதியும் தாளில் கறுப்பாக எழும்பி வந்தன. ஒருமுறை ஃபேக்டரி மோட்டார் ஒன்று ரிப்பேருக்குப் போய் வேறு மோட்டாராகத் திரும்பி வந்ததிலிருந்து, எதை வெளியே அனுப்பினாலும் இப்படி ஒரு நகல் எடுத்து வைப்பது அவள் வழக்கம்.

பட்டறை முதலாளி வெள்ளைச் சட்டைக்காரர். ஹெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றவள் அவள். அவர் பேசியதெல்லாம் பின்னால் சும்மா நின்ற கணவனிடம்.

"என்ன சார் பிரச்சினை?"

"நான் சொல்றேன்" என்றாள் அவள். "அடிப்பக்கம் வளைஞ்சிருக்கு. ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன், நடுவுல இடைவெளி தெரியுது. சீவிட்டு, வால்வு சீட் எட்டையும் கடைஞ்சு, தண்ணி அழுத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிக் குடுங்க."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கணவனைப் பார்த்தார். "வண்டி ரொம்பப் பழசா சார்?"

அவன் "ஆமாங்க" என்று சிரித்து வைத்தான். வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்புக்காக அவனுக்குத் திட்டு கிடைத்தது.

இன்று, நாளை என்று மூன்று வாரம் இழுத்தடித்துத்தான் ஹெட் திரும்பி வந்தது. பளபளவென்று சில்வர் பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் வந்து பிரித்ததுமே அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ நெருடியது. பெயின்ட் அடிக்கச் சொன்னது யார்? கத்தி முனையால் இரண்டு வால்வுக்கு நடுவே சுரண்டினாள். பெயின்ட்டுக்கு அடியில் புழு நெளிந்த மாதிரி ஒரு வெல்டிங் கோடு. இன்னும் சுரண்டினாள். வெல்டிங்குக்கு அந்தப் பக்கமும் மயிரிழை அளவுக்கு விரிசல் நீண்டு ஓடியது.

அவள் கொடுத்த ஹெட்டில் விரிசலே கிடையாது.

பக்கவாட்டு எழுத்தின்மேல் தாளை வைத்துத் தேய்த்தாள். மாடல் நம்பர் அதேதான். கீழே இருந்த தேதி மட்டும் வேறு. அவளுடையது மூன்றாம் மாசத்து வார்ப்பு. இது பதினோராம் மாசம், அதுவும் இரண்டு வருஷம் முந்தியது.

இரண்டு தாளையும் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் கணவன் முன்னால் விரித்தாள். அவன் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"தெரியாம மாறியிருக்கும். விடேன். இதையே மாட்டிப் பார்ப்போம்."

"மாட்டிப் பார்ப்போமா? பத்து நாள்ல தண்ணியும் ஆயிலும் கலந்து இன்ஜினே போயிடும். தெரியாம மாறினா எதுக்குய்யா பெயின்ட் அடிக்கணும்?"

"சண்டை போட்டா என்ன கிடைக்கும்? அந்தாளு பெரிய ஆளு."

"பதினாலு மாசம் நீங்க டார்ச் பிடிச்சீங்களே, எதைப் பார்த்துப் பிடிச்சீங்க? சுவத்தையா?"

அன்று அவள் சாப்பிடவில்லை. ஏமாந்தது ஒரு பக்கம். வாங்கிப்போகிறவள் பொம்பளை, திறந்து பார்க்கமாட்டாள், பார்த்தாலும் புரியாது என்று ஒருவன் தெம்பாக நினைத்தான் பாருங்கள், அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை பட்டறை திறந்த கையோடு போய் நின்றாள். முதலாளி தாள்களைத் தொடக்கூட இல்லை.

"நம்பர் எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா. கம்பெனில அப்படித்தான் போடுவாங்க."

"நம்பரைச் சொல்லல. அதுக்குக் கீழ தேதி பாருங்க."

"சாரை வரச் சொல்லுங்க. அவர்கிட்ட விளக்கமாச் சொல்றேன்."

"சாருக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எனக்குச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பென்சில்ல கிறுக்கிட்டு வந்து என் பேரைக் கெடுக்காதீங்க."

காத்திருந்த டிரைவர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. சண்டைக்கு வாயைத் திறந்த நேரத்தில் உள்ளே லேத் மெஷின் நின்றது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த இடதுகைக்காரர், ஐம்பது வயது இருக்கும், கழிவுத் துணியில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"அந்தம்மா சொல்றது சரிதான்" என்றார், எல்லார் காதிலும் விழும்படி. "அவங்க ஹெட்டை நான்தான் சீவினேன். நல்ல ஹெட். தண்ணி கேன் போடுறாரே, அவர் வண்டிக்கு மாட்டி அனுப்பியாச்சு. அவரோட விரிஞ்ச ஹெட்டுதான் இவங்களுக்குப் போச்சு."

முதலாளி, "உள்ள போய் வேலையைப் பாரு" என்றார், மெதுவாக. அந்த மெதுவான குரலைக் கேட்டு அவளுக்கே முதுகு சில்லிட்டது.

தண்ணீர் கேன்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. விசாரித்துப் போனபோது மத்தியானம், இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டு வாசலில் கேன் இறக்கிக்கொண்டிருந்தார். பெருச்சாளியின் உடன்பிறப்பு மாதிரியே ஒரு பிக்கப். அவள் விஷயத்தைச் சொன்னதும் தோளிலிருந்த கேனைக் கீழே வைத்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"கழட்டிக்கிட்டுப் போயிடாத தங்கச்சி. இந்த வண்டி ஒருநாள் நின்னா எங்க வீட்ல அடுப்பு நிக்கும். கம்பெனி ஹெட்டுன்னு சொல்லித்தானே என் தலையில கட்டினான்!"

பானட்டைத் திறந்து விட்டார். அவள் தாளை வைத்துத் தேய்த்தாள். மூன்றாம் மாசம். அவள் கழுவித் துடைத்த ஹெட், அடுத்தவர் இன்ஜினில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு போக அவளுக்கு உரிமை இருந்தது, மனசுதான் வரவில்லை.

"உங்க வண்டியில கை வைக்க மாட்டேன் அண்ணே. ஆனா நீங்க என்கூட வரணும்."

"வராம?" என்று அவர் டிரைவர் சீட்டில் ஏறினார்.

அவளும் பக்கத்தில் ஏறி, கணவனுக்குப் போன் போட்டாள். "ஷிஃப்ட் முடிஞ்சிருச்சுல்ல? பட்டறைக்கு வாங்க. பேசறதுக்கு இல்ல. நிக்கறதுக்கு."

தண்ணீர் கேன்காரர் எழுபது கேனோடு வண்டியைப் பட்டறை வாசலுக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே இருந்த வண்டி வெளியே போக முடியாது, வெளியே நின்றது உள்ளே வர முடியாது.

"வண்டியை எடுய்யா!" என்று முதலாளி ஓடி வந்தார்.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்க. கம்பெனி ஹெட்டு பாருங்க, அதான் ஏதோ கோளாறு."

கூட்டம் சேர்ந்தது. காலையில் சிரித்த இரண்டு டிரைவர்களும் தங்கள் வண்டி உள்ளே மாட்டிக்கொண்டதால் இப்போது அவள் பக்கம் வந்துவிட்டார்கள். அவள் மூன்று தாளையும் பிக்கப்பின் கதவில் டேப் போட்டு ஒட்டினாள். வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினாள். எந்த ஹெட் யாருடையது, எது எங்கே போனது, பெயின்ட் எதற்கு என்று ஒவ்வொன்றாக, குரலை உயர்த்தாமல், ஃபேக்டரியில் புது ஆளுக்கு மெஷினைக் காட்டுகிற மாதிரி சொன்னாள்.

கணவன் பஸ் யூனிஃபார்மோடு வந்து சேர்ந்ததைப் பார்த்ததும் முதலாளிக்கு உயிர் வந்தது.

"சார், நல்லவேளை வந்தீங்க. உங்க வீட்ல கொஞ்சம் கோவக்காரங்க போல. நீங்க எடுத்துச் சொல்லுங்க சார்."

அவன் தாள்களைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

"என்னத்தைச் சொல்ல? ஹெட்டு அவங்க குடுத்தது. வேலை அவங்களோடது. அன்னைக்கு நீங்க என்னைப் பார்த்துப் பேசினப்போ நான் சிரிச்சேன். அது என் தப்பு. அவங்ககிட்டயே பேசுங்க."

முதலாளி சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்து, "என்ன வேணும்?" என்றார்.

"விரிசல் இல்லாத ஹெட். என் கண்ணு முன்னால டெஸ்ட் பண்ணணும். பெயின்ட் வேண்டாம்."

அவர் குடோனிலிருந்து பெட்டியோடு ஒரு புது ஹெட் எடுத்துவரச் சொன்னார். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இடதுகைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் ஹெட்டை இறக்கிக் காற்றழுத்தம் கொடுத்தார். பத்து நிமிஷம், ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகுதான் வெளியே தண்ணீர் வண்டி அதிசயமாக ஸ்டார்ட் ஆனது.

அந்த வாரமே ஹெட்டை ஏற்றினாள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் முறையாக இறுக்கினாள். சாவியைத் திருப்பினதும் பெருச்சாளி இரண்டு தடவை இருமி, தெரு முழுக்கப் புகையைக் கக்கிவிட்டு, மூன்றாவது தடவை உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. கணவன் டார்ச்சைப் பிடித்தபடி, பட்டப்பகலில், ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம்தான்.

சந்தோஷம் நாலு நாள்கூட நிலைக்கவில்லை. தண்ணீர் கேன்காரர் வந்து சொன்னார். இடதுகைக்காரரைச் சண்டைக்கு மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். இருபத்திரண்டு வருஷத்து ஆள். ஒரு காரணமும் சொல்லவில்லையாம்.

அவளுக்கு அடங்கியிருந்ததெல்லாம் திரும்பக் கொதித்தது. திருடினவன் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான், உண்மையைச் சொன்னவன் வீட்டில். இது என்ன நியாயம்? நேராக இடதுகைக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் தகரக் கொட்டகை ஒன்றைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"என்னால உங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"உங்களால இல்லம்மா. இதோட எத்தனை ஹெட் மாத்திக் குடுத்தேன் தெரியுமா? எல்லாத்தையும் இந்தக் கையாலதான். அன்னைக்கு உங்க பேப்பரைப் பார்த்ததும் தாங்கல." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "மச்சான்கிட்ட ஒரு பழைய லேத் சும்மா கிடக்கு. இங்க கொண்டுவந்து போட்டா தனியா ஆரம்பிச்சுடலாம். அதைத் தூக்கிட்டு வரத்தான் வண்டி தேடறேன்."

"எவ்வளவு கனம்?"

"முக்கால் டன் இருக்கும்."

"கிளம்புங்க."

பெருச்சாளியின் பின்பக்கத்தில், வேலை மேசைக்குத் துளைபோட்டு வைத்திருந்த இடத்தில் லேத்தை ஏற்றி, முன்னும் பின்னும் கயிறு கட்டினார்கள். பின் ஸ்பிரிங் நன்றாகவே அமுங்கியது. தண்ணீர் கேன்காரர் தன் வண்டியில் பின்னால் வந்தார். பட்டறை இருக்கும் தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. வாசலில் முதலாளி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தபோது அவள் வேகத்தைக் குறைத்தாள். கண்ணை எடுக்கவில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவர்தான்.

"போதும்மா, போங்க" என்றார் பக்கத்திலிருந்த இடதுகைக்காரர்.

"எனக்கு இன்னும் போதல" என்று சொல்லிவிட்டு, அடுத்த கியருக்கு மாற்றினாள்.