கைப்பிடிக்கு அனுமதி

ஐந்தாவது முறையாக மனுவைத் தூக்கிக்கொண்டு பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வந்திருந்தாள் மருமகள். கோட்டை கொத்தளமா கேட்டாள்? வீட்டு மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

இடுப்பெலும்பு முறிந்த மாமனார் தேறி, அறைக்குள் நன்றாகவே நடந்தார். ஆனால் செங்குத்தான அந்தப் படியில் பிடிமானம் இல்லாமல் இறங்க முடியாது. பதினான்கு மாதமாக மாடியிலேயே அடைந்து கிடந்தார். எதிரே செருப்புத் தைக்கும் கடையில் தினமும் மத்தியானம் அவருடைய கூட்டாளிகள் சீட்டாடுவார்கள். எவன் தப்பாக இறக்கினாலும் ஜன்னலிலிருந்து கத்துவார். "வாய் மட்டும் பேசாத, இறங்கி வாடா!" என்பார்கள். உடனே தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

கைப்பிடி பொருத்தச் சுவரில் எட்டுத் துளை போட வேண்டும். முந்நூறு வருஷத்துச் சுவர், துளைக்கக் கூடாது. ஜன்னலைத் தொடக் கூடாது, கதவுக்கு வண்ணம் மாற்றக் கூடாது. அதிகாரிக்குத் தெருவே 'கூடாது சார்' என்று பெயர் வைத்திருந்தது. எண்பது வயது எலும்பைவிடச் சுண்ணாம்புக்கு மரியாதை!

அவளுக்கும் வேலை அந்த வீட்டிலேயேதான். சுற்றுலாப் பயணிகளுக்குக் கீழ்த்தளத்தைச் சுற்றிக்காட்டி, "நாலு தலைமுறையா இங்கேயே இருக்கோம்" என்று சிரிப்பாள். எரிச்சலாக வரும்.

இன்று கூடாது சார் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்கம்மா. அனுமதி வந்தாச்சு."

 அங்கேயே மாமனாருக்குப் போன் போட்டாள். "மாமா, கைப்பிடி கெடச்சிடுச்சு!"

"நெஜமாவாம்மா? இரு, இரு, அவனுங்ககிட்ட சொல்லிட்டு வர்றேன்." போனை எங்கோ வைத்துவிட்டுப் போனார்.

அதிகாரி நிபந்தனைத் தாளை நீட்டினார். "மாடியையும் பயணிகளுக்குத் திறக்கப்போறோம். ஏறி வர்றவங்க விழுந்துடக் கூடாதில்ல? அதான் கைப்பிடி. காலைல பத்துலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்."

"அந்த நேரத்துல மாமா கீழ இருந்துக்குவார் சார்."

"அதெப்படிம்மா? காலி ரூமைப் பாக்கவா வருவாங்க? 'மனிதர் வாழும் வீடு'ன்னு பலகையே எழுதியாச்சு. பெரியவர் மேலயே இருக்கணும். அவர் ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா உக்காந்திருந்தா போதும்."

செருப்புக் கடையை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் கைப்பிடியே கிடையாது. 

காதில் வைத்திருந்த போனில் மாமனாரின் குரல் தூரத்தில் கேட்டது. "டேய், அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கும் சேத்துச் சீட்டுப் போடுங்கடா!"

"மாமா," என்றாள். கேட்க அங்கே ஆளில்லை.

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.