மூன்று பெண்கள்

அரபு எண்களின் இலக்கணம் மனித அறிவின் கொடுமுடி என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த மர்ஸூக் ஹாஜியார் அந்தக் கொடுமுடியில் ஏறியது ஹஜ்ஜுக்குப் போன கப்பலில். கூட வந்த ஒருவர் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, கடல் புரட்டியதால் பாதியில் படுத்துவிட்டார். மீதியை ஹாஜியார் தாமாகவே முடித்துக்கொண்டார்.

எழுபத்தொன்றாம் ஆண்டு மத்ரஸாவில் அரபு கற்பிக்க ஓர் உஸ்தாத் தேவைப்பட்டபோது, ஆளைச் சோதிக்கும் பொறுப்பு நிர்வாக சபைத் தலைவரான அவருக்கே வந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஹுமைத் மவ்லவி சபையின் முன் உட்கார்ந்திருந்தார். பதினான்கு மாதமாகப் பண்டாரவளையில் மாமனாரின் இரும்புக்கடையில் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் ஓதியதை மறந்துவிட்டுக் கடையோடேயே இருந்துவிடும்படி மாமனார் சொல்லியிருந்தார். மனைவி ஹம்ஸியா சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மூன்று பெண்கள் என்பதற்கு அரபியில் என்ன என்று ஹாஜியார் கேட்டார். ஹுமைத் சொன்னார். ஹாஜியார் கண்ணை மூடி இல்லையென்று தலையசைத்தார். பெண்கள் என்றால் எண்ணும் பெண்பாலில் அல்லவா வர வேண்டும்? மூன்றிலிருந்து பத்து வரை அது மாறித்தான் வரும், பெண்களை எண்ணினால் ஆண்பால் எண், ஆண்களை எண்ணினால் பெண்பால் எண் என்று ஹுமைத் மெதுவாக விளக்கினார்.

"அப்ப பொம்புளக்கி சாரம், ஆம்புளக்கி சாரியா? என்ட கடையில அப்பிடி வெட்டிக் குடுத்தா நாளக்கி கதவு தொறக்க ஏலுமா, மவ்லவி?"

சபை சிரித்தது. செயலாளர் இத்ரூஸ் கொஞ்சம் ஓதியவர், விஷயம் தெரிந்தவர். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் கையேந்தி பாத்திஹா ஓதிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு யாரும் அதைக் கிளறக் கூடாது. ஹாஜியாரின் கைகள் மடியிலிருந்து எழும்பி, பாதியில் நின்றன.

"செல்லுங்க. நான் செல்றது சரியா, பிழையா?"

ஹுமைத்துக்குத் தராசுத் தட்டில் ஆணி விழும் சத்தம் கேட்டது.

"அப்பிடிச் செல்றவங்களும் ஈக்கிறாங்க, ஹாஜியார்."

அப்படிச் சொல்கிறவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹாஜியாரின் கைகள் முழுதாக உயர்ந்தன. ஹுமைத்தும் ஏந்தினார். ஆமீனுக்குப் பிறகு இத்ரூஸ் அவர் கையைப் பிடித்து, "நல்லாத் தப்பினீங்க" என்று சொல்லி, உடனே விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை ஹுமைத்தின் வகுப்புத் தொடங்கியது. முன்வாங்கில் ஹாஜியாரின் பேத்தி முஹ்ஸினா உட்கார்ந்திருந்தாள். அன்றன்று படித்ததைப் பாட்டனாரிடம் ஒப்பிக்கிற பிள்ளை.

அந்த வருடம் அந்த வகுப்பு அரபு எண்களில் இரண்டுக்கு அடுத்ததாகப் பதினொன்றைப் படித்தது.