இழப்பு சிறிது

திருக்குளத்து நீர்மேல் வெண்பனி படர்ந்திருக்க, கோபுரத்துப் புறாக்கள் சிறகுதறி எழ, மாட வீதிக் கோலங்களின் நடுவே பூசணிப் பூக்கள் பொற்கிண்ணங்களென மலர்ந்திருந்த மார்கழி வைகறையில், வங்கத்துப் போர் வெற்றியில் முடிந்த செய்தியால் மயிலை நகரே களித்திருந்தது. பேராசிரியர் கணேசமூர்த்தியின் இல்லத்து வாயிலில் மட்டும் தந்திக்காரர் தலைகுனிந்து நின்றார். தரைப்படை அலுவலனாய்ச் சென்ற ஒரே மகன் சந்திரமௌலி, வங்கத்து ஆறொன்றைக் கடக்கையில் வீழ்ந்துபட்டான்.

கற்றறிந்த அன்பரே, கணேசமூர்த்தி எளியவர் அல்லர். இளமையிலேயே செருமானிய நாடு சென்று பயின்று, அந்நாட்டுப் படைகளின் வரலாற்றையே வாழ்நாட்பணியாய்க் கொண்டவர். கடற்கரைப் பல்கலைக்கழகத்தில் அவர் உருசியப் பனிவெளிப் போரை உரைக்கத் தொடங்கினால், சித்திரை வெயிலிலும் மாணவர் உடல் சிலிர்க்கும். அவர் கூடத்தில் விரித்த நிலப்படங்களின்மேல் புளியங்கொட்டைகளைப் படைகளாய் நிறுத்தி விளையாடி வளர்ந்தவன் சந்திரமௌலி. படையில் சேர்வேன் என்று அவன் கூறிய நாளில் தந்தை மார்போடு தழுவிக்கொண்டார். தாய் அபயாம்பாள் அடுக்களைக்குள் சென்று அழுதாள்.

தைத் திங்களில், மகனோடு பணிபுரிந்த அலுவலர் ஒருவர் ஆறுதல் கூற வந்தார்.

“விடியறதுக்குள்ள கரையைப் புடிச்சுட்டோம், சார். உங்க பையன்தான் முன்னால போனார். நம்ம பக்கம் இழப்பு ரொம்பக் கம்மி.”

பேராசிரியர் அலமாரியில் இருந்த தம் பெருநூலை நோக்கினார். ‘இழப்பு சிறிது’ என்று, படைகள் கடந்த எத்தனை ஆறுகளுக்கு அவரே அதில் எழுதியிருக்கிறார்! வந்தவர் சென்றபின் அதை மனைவியிடம் கூறினார்.

அவள், “நீங்க எழுதின ஆத்துலயெல்லாம் செத்தவாளும் யாரோ பெத்த பிள்ளைகள்தானே? அவா கொன்னவாளுக்கும் அம்மா இருந்திருப்பாளே,” என்றாள்.

அவருடைய பெருநூல் மறுபதிப்புக் காணவும், துறைத்தலைமை அவரைச் சேரவும் இருந்த காலம் அது. அவரோ பதிப்பை நிறுத்தி, வென்ற கதையை விடுத்து மாண்டவர் கதையாய் அந்நூலை மீண்டும் எழுதப் புகுந்தார். துயரம் அறிவை மழுக்கியது என்றனர் உடனாசிரியர். தலைமை வேறொருவர்க்குப் போயிற்று. எழுதுவதும் கிழிப்பதுமாய் ஆண்டுகள் கழிந்தன.

ஓய்வுபெற்ற பின்னொரு மாலையில், எழுதி முடித்த சில பக்கங்களை மனைவிக்குப் படித்துக் காட்டினார். உரொட்டி சுடும் செருமானியன் ஒருவனின் மகன், படைவீரனாய்ச் சென்று உருசிய ஆற்றங்கரைச் சேற்றில் தனியே கிடந்து இறந்த வரலாறு அது.

“அவனுக்கு என்ன வயசு?”

“பத்தொம்பது.”

அவள் தலைப்பால் விழிகளை ஒற்றிக்கொண்டாள். “மேல வாசிங்கோ.”

மேலே எழுதப்பட்டிருக்கவில்லை. வெற்றிகளை உலகம் விரைந்து எழுதி முடித்துவிடுகிறது. அம்முதியவரோ, வெற்றுத்தாளை நோக்கியவாறே, இருள் கூடத்தை நிறைக்கும்வரை அவளருகில் அமர்ந்திருந்தார்.